பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடை திறப்பவர்களுக்கு

செஞ்சி கூட்டு ரோட்டிலும், காந்தி பஜாரிலும், பேருந்து நிலையத்தைச் சுற்றியும், கோட்டைக்குப் போகும் திருவண்ணாமலை சாலையிலும் டீக்கடை, ஓட்டல், பழக்கடை, மளிகைக்கடை, பூக்கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு மடல்.

செஞ்சி வியாபாரத்தின் நாள்காட்டி நிலாவைப் பார்த்துப் போட்டது. பௌர்ணமி வந்தால் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் பேருந்துகளும் வேன்களும் விடிய விடியச் செஞ்சியைக் கடக்கின்றன. அடுத்த பதினைந்தாவது நாள் அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பகுதிக்கும் இதே ஊர்தான் வழி. இடையில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஆட்டுச் சந்தை. சித்திரையில் கோட்டைக்குள் தேர். ஆக மாதத்தில் பல நாள், ஊரில் இருப்பவர்களைவிட ஊரைக் கடப்பவர்களை நம்பித்தான் இங்கே கல்லா நிறைகிறது.

இந்த நாள்காட்டியில் 2025 ஜூலை 11 புதிதாக ஒரு பக்கத்தைச் சேர்த்துவிட்டது. பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ராய்கட், பன்ஹாளா, சிந்துதுர்க் என்று 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது, 1677இல் சிவாஜி கைப்பற்றிய செஞ்சி. இனி வருகிறவர்கள் கிரிவலத்துக்குப் போகிற வழியில் இறங்கி டீ குடிப்பவர்கள் மட்டுமல்ல. செஞ்சிக்கென்றே வருகிறவர்களும் இருப்பார்கள். வியாபாரிகளுக்கு இது நல்ல காலம்தான், சந்தேகமில்லை. கூடவே வரப்போகும் குப்பையைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு ஊர் குப்பையாகிவிட்டால் பழி முதலில் சுற்றுலாப் பயணி மேல் விழும். அவருக்குப் பொறுப்பில்லை, படித்தும் புத்தியில்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். அதில் பாதி உண்மை. ஆனால் அவர் செஞ்சியில் இறங்கும்போது கையில் என்ன இருந்தது, ஏறும்போது என்ன இருந்தது என்று பார்த்தால் மீதிப் பாதி தெரியும். டீ பேப்பர் கப்பில் வந்தது. வடை பழைய செய்தித்தாளில் வந்தது. சாம்பார் நூல் சுற்றிய கவரில் வந்தது. கொய்யா கேரி பேக்கில் வந்தது. இவற்றில் எதையும் அவர் கேட்டு வாங்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார். ஒரு பொருள் எதில் கைமாறுகிறது என்பதைத் தீர்மானிப்பவர் கல்லாவில் இருப்பவர். அதனால்தான் இந்த மடல் பயணிகளுக்கு எழுதப்படாமல் உங்கள் பெயருக்கு வருகிறது.

முதலில் தண்ணீர். செஞ்சியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் தேசிங்கு ராஜனின் குதிரைக்குப் போய்விடுகிறார்கள். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட அந்த இளைஞனின் கதை உருக்கமானதுதான். ஆனால் கோட்டையில் அதைவிட ஆச்சரியமான ஒன்று இருக்கிறது. 1690இல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698இன் தொடக்கத்தில். ஏழாண்டுக்கும் மேல் ஒரு பேரரசின் படை வெளியே நின்றது. உள்ளே ஒரு அரசவை, ஒரு படை, குதிரைகள், யானைகள். மதிலும் பீரங்கியும் எதிரியை நிறுத்தும், தாகத்தை நிறுத்தாது. அந்த வேலையைச் செய்தவை ராஜகிரி அடிவாரத்துச் சக்கரக்குளம் போன்ற நீர்நிலைகள், மலைமேல் இருக்கும் சுனைகள், பாறைச் சரிவில் விழும் மழையை வீணாக்காமல் பிடித்த தொட்டிகள். கல்யாண மகாலின் மேல் அடுக்குகளுக்கே வெளியிலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய்கள் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. நீர்மட்டத்தின் உயரத்தை மட்டும் நம்பிய வேலை அது.

1597இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமென்டா, இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களில் இதுவே பெரியது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெதுவும் இதற்கு ஈடில்லை என்றும் எழுதி வைத்தார். ஆண்டு முழுக்க ஆறு ஓடாத மண்ணில், பருவமழையை மட்டும் வைத்துக்கொண்டு, லிஸ்பனோடு ஒப்பிடும் அளவுக்கு ஒரு நகரம் வாழ்ந்திருக்கிறது. இன்று அதே கோட்டைக்கு ஏறுகிறவர் வழியில் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். குடித்த பாட்டிலைப் பாறை இடுக்கில் செருகுகிறார். குரங்குகள் அதை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு மேலே இன்னும் எட்டாத இடத்தில் போடுகின்றன. ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. அங்கிருந்து ஒரு பாட்டிலைப் பொறுக்கிக் கீழே கொண்டுவரும் தூய்மைப் பணியாளரின் முழங்காலைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை.

அடுத்து ஆறு. செஞ்சியை ஒட்டி ஓடும் சங்கராபரணி தொண்டியாற்றோடு சேர்ந்து வீடூர் அணையில் நிற்கிறது. அங்கிருந்து வில்லியனூர் வழியாகப் போய்ப் புதுச்சேரிக்குத் தெற்கே சுண்ணாம்பாற்றில் கடலைத் தொடுகிறது. செஞ்சிச் சாக்கடையில் விழும் ஒரு கவர் வறட்சிக் காலத்தில் சாக்கடையிலேயே கிடக்கும். மழைக்காலத்தில் அது பயணம் கிளம்பிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது யாருக்கும் மறந்திருக்காது. அப்படி ஒரு மழைக்கு எந்தக் கால்வாயும் போதாது. ஆனால் சாதாரண ஐந்து சென்டிமீட்டர் மழைக்கே கடைவாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்றால், கால்வாய்க்குள் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியவர்களில் கடைக்காரரும் ஒருவர்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலும் ஊரில் நிறையக் குழப்பம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. கேரி பேக் அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போனது இரண்டு. ஒன்று, பேப்பர் கப். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் தடைப்பட்டியலில் இருப்பவை. இன்னொன்று, துணிப்பை மாதிரியே இருக்கும் அந்த நெய்யாத துணிப்பை. நான்-ஓவன் பை என்று மொத்தக் கடைகளில் விற்பது. அது துணியே அல்ல, பாலிபுரொப்பிலின். அதுவும் தடைசெய்யப்பட்டதுதான். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் பெயர் அச்சடித்துக் கொடுப்பதால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பேப்பர் கப்பைப் பற்றிச் சட்டம் தவிர இன்னொரு சங்கதியும் உண்டு. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அத்தகைய கப்பில் 100 மில்லி சூடான நீரை ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால், உள்பூச்சிலிருந்து சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்துவிடுகின்றன. டீ குடிக்கக் கால் மணி நேரம் எதற்கு என்று கேட்கலாம். பேருந்துக்குள் கொண்டுபோய் ஊதி ஊதிக் குடிப்பவருக்கு அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். கவரில் ஊற்றிக் கட்டிக்கொடுக்கும் பார்சல் டீ அதைவிட மோசம். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக்கில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, அலுவலகம் போய்ப் பிரிக்கிற வரை அது அப்படியே ஊறுகிறது.

இதற்கெல்லாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கண்ணாடி டம்ளர் இன்னும் பல டீக்கடைகளில் இருக்கிறது. நின்று குடிப்பவருக்கு அதுவே போதும். சிக்கல் பார்சலில்தான். ஜெர்மனியில் ஃபிரைபுர்க் என்றொரு நகரம், சுற்றுச்சூழல் என்றால் உலகம் எடுத்துக்காட்டும் ஊர். அங்கே 2016 நவம்பரில் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். காபிக்கடையில் ஒரு யூரோ முன்பணம் கொடுத்தால் திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் கப்பில் காபி கிடைக்கும். குடித்துவிட்டுத் திட்டத்தில் சேர்ந்த எந்தக் கடையில் கொடுத்தாலும் யூரோ திரும்ப வந்துவிடும். வாங்கிய கடைக்கே திரும்பிப் போக வேண்டியதில்லை. அதுதான் அதன் சூட்சுமம். ஒரு கப் 400 முறை வரை புழங்கும்படி செய்யப்பட்டது.

ஜெர்மன்காரர்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது? கோலி சோடா பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பெட்டிக்கடை தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் இல்லாமல் இருந்தது? கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் போகும் எவர்சில்வர் டம்ளர்கள் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கப்படுகின்றன. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகள் ஒன்றுகூடி, ஒரே அடையாளம் போட்ட எவர்சில்வர் டம்ளர்களைப் பொதுவில் வாங்கலாம். ஒரு டம்ளருக்கு இருபது ரூபாய் முன்பணம். எந்தக் கடையில் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம். வேனில் வரும் கிரிவலக் கூட்டம் போகும்போது வாங்கித் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போகும். கொடுக்காமல் போனாலும் கடைக்குப் பெரிய நட்டமில்லை. இருபது ரூபாய் கல்லாவில் இருக்கிறது, டம்ளர் யாரோ வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. அதைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது.

உள்ளூர்க்காரர்களுக்கு இதைவிட எளிது. தூக்கு கொண்டு வந்தால் சாம்பார் ஒரு கரண்டி கூடுதல் என்று ஒரு ஓட்டல் வாசலில் எழுதிப்போட்டால், அடுத்த வாரமே வீட்டுப் பரணிலிருந்து தூக்குகள் இறங்கிவிடும். அபராதம் போட்டுப் பழக்கியதைவிட ஒரு கரண்டி சாம்பார் போட்டுப் பழக்கியது நம் ஊரில் நீடிக்கும்.

வடையையும் பஜ்ஜியையும் செய்தித்தாளில் சுற்றுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையமே வேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டது. அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து உள்ளே போகிறது. அவித்த மல்லாட்டைக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை, தோலை உரித்துத்தானே தின்கிறோம். வடைக்கு வாழை இலைத் துண்டு இருக்கிறது, மந்தார இலை இருக்கிறது. பழக்கடைக்கு ஓலைக்கூடை. விழுப்புரம் சாலையில் நரசிங்கனூர்ப் பக்கம் போனால் பனங்காடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. 2021இல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் பனை மேம்பாட்டுக்குத் திட்டம் அறிவித்தார்கள், ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் சொன்னார்கள். ஆனால் மரம் காக்கப்பட வேண்டுமானால் ஓலைக்கு விலை கிடைக்க வேண்டும். கோட்டைக்கு வரும் வெளியூர்க்காரர் ஓலைப்பெட்டியில் சீத்தாப்பழம் வாங்கிப் போனால் அந்தப் பெட்டி அவர் வீட்டு அலமாரியில் செஞ்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கவர் எதைச் சொல்லும்?

மட்கும் குப்பைக்கு வருவோம். உண்மையில் எடையில் பெரியது அதுதான். வாழை இலை, காய்கறிக் கழிவு, மிச்சச் சோறு, பூக்குப்பை. பிளாஸ்டிக் கண்ணில் படுகிறது, இது மூக்கில் படுகிறது.

கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையையெல்லாம் லாரியில் ஏற்றிப் பக்கத்துச் சர்வோதயபுரம் கிராமத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அந்தக் கிராமத்து மக்கள் லாரியை மறித்துவிட்டார்கள். 2012 வாக்கில் நகரம் நாறிப்போனது. வேறு இடம் தேடுவதை விட்டுவிட்டு, குப்பை உருவாகும் இடத்திலேயே அதை முடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வீடுகளுக்கு உயிரி எரிவாயுக் கலனும் குழாய் உரத்தொட்டியும் மானியத்தில் கொடுத்தார்கள். அவை வைக்க முடியாதவர்களுக்குத் தெருமுனைகளில் காற்றோட்டமான உரப்பெட்டிகள். தும்பூர்முழியில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் வடிவமைத்த முறை அது. சுமார் நான்கடிச் சதுரப் பெட்டி, பக்கங்களில் காற்றுப்போக இடைவெளி, ஒரு அடுக்கு சாணம், ஒரு அடுக்கு காய்ந்த இலை, ஒரு அடுக்கு குப்பை. நிறைந்தபின் மூன்று மாதத்தில் உரம். காற்று உள்ளே போய்க்கொண்டே இருப்பதால் நாற்றம் வராது. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பை மேலாண்மைக்கு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஒசாகாவோடும் லுப்லியானாவோடும் ஆலப்புழையும் இருந்தது.

ஆலப்புழையில் இல்லாத ஒரு வசதி செஞ்சிக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை சந்தை முடிந்தபின் அந்தத் திடலில் கிடக்கும் ஆட்டுப் புழுக்கை. இந்தத் தாலுகாவில் நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவதற்குக் காசு கொடுக்கும் விவசாயியிடம் போய் அதன் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓட்டல் இலையும் சந்தைப் புழுக்கையும் ஒரே பெட்டிக்குள் போனால் மல்லாட்டைக் கொல்லைக்கு உரம் தயார். பேரூராட்சியின் வளம் மீட்புப் பூங்காவுக்குப் போகும் வண்டிக்கும் பாரம் குறையும். ஓட்டல்காரர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எச்சில் இலையோடு தண்ணீர் பாட்டிலையும் சாஸ் பாக்கெட்டையும் சேர்த்துக் கட்டாமல் இரண்டு வாளி வைப்பது. பிரிக்காத குப்பையை எந்தப் பூங்காவாலும் மீட்க முடியாது. அங்கே கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிரிக்கும் பெண்களுக்கு அது தெரியும்.

சுற்றுச்சூழல் நகரம் என்றதும் நம் மாவட்டத்திலேயே ஒரு பெயர் நினைவுக்கு வரும். செஞ்சியிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் போட்டுத் தொடங்கியபோது அது மரமற்ற செம்மண் மேடு. மழை பெய்தால் செம்மண் கரைந்து கடல் வரை ஓடும். முதலில் வந்தவர்கள் மரம் நடுவதற்கு முன்னால் வரப்புக் கட்டினார்கள், தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு மரம். அதன் பிறகே இந்தப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு இனங்கள். 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணத்தில் நீராவி எடுத்துச் சமைக்கும் சமையற்கூடமும் அங்கே உண்டு. இவ்வளவு செய்த ஊரிலும் 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்களை வெட்டியதில் சண்டை மூண்டு, பசுமைத் தீர்ப்பாயம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால் ஆரோவிலைக் கோயிலாகக் கும்பிடவும் வேண்டாம், வெள்ளைக்காரர் விவகாரம் என்று ஒதுக்கவும் வேண்டாம். நன்கொடையும் தன்னார்வலர்களும் அங்கே வருவதுபோலச் செஞ்சிக்கு வரப்போவதில்லை. முதலில் தண்ணீர், பிறகு மரம் என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

செஞ்சிக்கு நெருக்கமான உதாரணம் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. நம்மோடு பட்டியலில் ஏறிய சிந்துதுர்க் கோட்டை இருக்கும் அதே மாவட்டத்தில் வெங்குர்லா என்றொரு சின்னக் கடலோர ஊர். பத்தாண்டுக்கு முன் தன் குப்பைமேட்டையே பூங்காவாக மாற்றியது. வீட்டிலேயே பிரித்து வாங்கி, ஈரக்குப்பையில் எரிவாயு எடுத்து, பிளாஸ்டிக்கை நொறுக்கிச் சாலைத் தாரில் கலக்கிறார்கள். இந்தத் தார் உத்தி மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்துக் கொடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து போன அறிவுதான்.

இவ்வளவும் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. டம்ளர் கழுவத் தண்ணீர் வேண்டும், குழாயில் தண்ணீர் வராத நாளில் பேப்பர் கப்பை எடுப்பவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோட்டை வாசலில் வருகிறவர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளக் குளிர்ந்த குடிநீர்க் குழாய்கள் வேண்டும். அதைச் செய்ய வேண்டியவை பேரூராட்சியும் தொல்லியல் துறையும். மொத்தக் கடையில் கட்டுக்கட்டாக விற்பவரை விட்டுவிட்டு, கோட்டை அடிவாரத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அம்மாவின் கூடையிலிருந்து நாலு கவரைப் பறிமுதல் செய்து படம் எடுத்துப் போடும் நடவடிக்கையால் ஒரு பயனும் இல்லை. பறிமுதல் தொடங்க வேண்டிய இடம் கிடங்கு.

பிளாஸ்டிக்கைக் கைவிடுகிறவர்களுக்கு மஞ்சப்பை விருது என்று மாநில அரசு ஒன்று வைத்திருக்கிறது, பள்ளி கல்லூரிகளோடு வணிக நிறுவனங்களுக்கும் உண்டு. முதல் பரிசு 10 லட்சம் ரூபாய். செஞ்சியின் எந்தக் கடை வேண்டுமானாலும் முயலலாம்.

அடுத்த வணிகர் சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேச மூன்று விஷயங்களை மட்டும் இந்த மடல் முன்வைக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசை டீக்கடைகள் பொது டம்ளர் வாங்கி ஒரே ஒரு பௌர்ணமிக்குச் சோதித்துப் பார்ப்பது. ஓட்டல்கள் அன்றிலிருந்து இரண்டு வாளி வைத்து, முதல் உரப்பெட்டியைச் சந்தைத் திடல் ஓரத்தில் அமைக்கப் பேரூராட்சியிடம் இடம் கேட்பது. கோட்டை வாசல் குடிநீர்க் குழாய்க்கு எல்லாக் கடைக்காரர்களும் கையெழுத்திட்டு, பேரூராட்சிச் செயல் அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரே மனுவை அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைச் சங்க அலுவலகத்தில் கோப்பில் வைப்பது. சித்திரைத் தேருக்கு முன்னால் இந்த மூன்றும் தொடங்கிவிட்டால், தேரன்று எத்தனை மூட்டைக் குப்பை சேர்ந்தது என்று பேரூராட்சி வண்டிக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.